டர்போவா, டீசலா, எடைக்கல்லா? பழைய 966 டிராக்டரை இழுவைப் போட்டிக்குத் தயார் செய்யும்போது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான ராக் ஐலண்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பெரிய டிராக்டர் ஆலை இருந்தது. 1971 முதல் 1976 வரை அந்த நிறுவனம் விற்ற 66 வரிசை டிராக்டர்கள் இன்னும் மக்காச்சோளப் பண்ணைக் கொட்டகைகளில் நிற்கின்றன. ஆண்டு முழுவதும் வைக்கோல் கட்டு இழுப்பதும் தானியம் ஏற்றுவதுமாகச் சில்லறை வேலை பார்க்கும் அவற்றுக்குக் கோடையில் மட்டும் ஒரு திருவிழா வேலை உண்டு. கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான சந்தைத் திருவிழாவில், மண் தடத்தில், எடை ஏற்றிய சறுக்கு வண்டியை இழுக்க வேண்டும்.

அந்த வரிசையில் 966-ஐ வைத்திருப்பவருக்கு ஓர் ஆதங்கம் இருக்கும். அதே 414 கன அங்குல ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்தான் அண்ணனாகிய 1066-லும் இருக்கிறது; ஆனால் 1066-க்குக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் டர்போ உண்டு, 966-க்கு இல்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டிராக்டர் பரிசோதனையில் 966, வெளிக்கருவிகளை ஓட்டும் பிடிஓ தண்டில் சுமார் 91 குதிரைத்திறன் காட்டியது, 1066 சுமார் 105 காட்டியது. டர்போவோடு 436 கன அங்குலமும் கொண்ட 1466 சுமார் 133 காட்டியது. "என்னுடையதை எப்படி அந்த அளவுக்குக் கொண்டுபோவது?" என்று கேட்பவருக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். டீசல் பம்பைத் திருகு என்பார் ஒருவர், டர்போ வை என்பார் இன்னொருவர், என்ஜின் சுற்றைக் கூட்டு என்பார் மூன்றாமவர். எல்லோரும் சொல்லும் வழிகளில் திறன் கூடும் என்பது உண்மைதான். எந்த வழிக்கு எது விலை என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

முதலில் இழுக்கப்படும் பொருளைப் பார்த்துவிடலாம். ஸ்லெட் எனப்படும் அந்த வண்டிக்குப் பின்னால் சக்கரங்கள், முன்னால் தரையோடு உராயும் இரும்புத் தட்டு. தொடக்கத்தில் எடைப்பெட்டி சக்கரங்களின் மேல் இருக்கும். வண்டி நகர நகர அது முன்னோக்கி ஏறி வந்து தட்டைத் தரையில் அழுத்தும். முதல் சில அடிகளில் தேராக உருள்வது கடைசியில் நங்கூரமாகிவிடும். 300 அடி, அதாவது 91 மீட்டர் போனால் முழு இழுவை. இந்த இயந்திரம் வருவதற்கு முன்பு தடத்தின் ஓரமாக ஆட்களை வரிசையாக நிறுத்தி, டிராக்டர் இழுக்கும் பலகை கடந்துபோகும்போது ஒவ்வொருவராக அதில் ஏறச் செய்வார்கள். ஆள் ஏற ஏறச் சுமை கூடும். யாருக்கும் கால் போகாமல் இருந்தது அவரவர் அதிர்ஷ்டம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 10,000 பவுண்டு எடை வகுப்பு என்றால் டிராக்டரும் ஓட்டுநரும் சேர்த்து 4,536 கிலோ. நல்ல தடத்தில் அது 4,000 கிலோ விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விசையை மணிக்கு 3 மைல் வேகத்தில் தாங்கிப் பிடிக்க 70 குதிரைத்திறன் போதும். 6 மைல் வேகத்துக்கு 140 வேண்டும். 10 மைலுக்கு 235. விசை மூன்றிலும் ஒன்றுதான், மாறுவது வேகம் மட்டும். இழுக்கும் விசையைத் தருபவை எடையும் டயரும் மண்ணும். என்ஜின் தருவது அந்த விசையை எவ்வளவு வேகத்தில் கொண்டுபோவது என்பதை. ஸ்லெட் கனக்கும் கட்டத்துக்குள் வேகத்தோடு நுழைகிறவர் அந்த உந்தத்திலேயே இன்னும் பத்துப் பதினைந்து அடி போய்விடுவார். குதிரைத்திறனுக்குப் போட்டியில் மதிப்பு வருவது இதனால்தான்.

ஆகவே முதல் முடிவை எடுப்பவர் மெக்கானிக் அல்ல, விதிப்புத்தகம். பழைய டிராக்டர் வகுப்புகள் பலவற்றில் வேக வரம்பு உண்டு; தாண்டினால் அந்த இழுவை செல்லாது. 3 மைல் வரம்புள்ள வகுப்பில் இறங்கும் 966-க்கு ஆலையிலிருந்து வந்த திறனே போதும். கியர்ப்பெட்டி இழப்பும் சக்கரச் சறுக்கலும் போக மிஞ்சுவதில் வேலை முடிந்துவிடும். அங்கே டர்போவுக்குச் செலவழிப்பவர், முழங்கால் ஆழத் தண்ணீரைக் கடக்கப் படகு வாங்குபவர்.

அந்த வகுப்புக்காரர் தொட வேண்டியது எடைக்கல்லையும் டயரையும்தான். உண்மையில் எல்லா வகுப்புக்காரரும் முதலில் தொட வேண்டியதும் அதைத்தான். ஸ்லெட்டை மாட்டும் கொக்கிக்கு விதி அனுமதிக்கும் உயரம் பல இடங்களில் 20 அங்குலம், அதாவது அரை மீட்டர். 4,000 கிலோ விசை அரை மீட்டர் உயரத்தில் இழுத்தால், சக்கர இடைவெளி 2.7 மீட்டர் என்று கொண்டால், முன் அச்சிலிருந்து சுமார் 740 கிலோ பின் அச்சுக்கு மாறும். முன்னால் அதைவிடக் குறைவாக எடை இருந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், திசைமாற்றி பயன்படாது. அதைவிட மிக அதிகமாக இருந்தால் அந்தக் கூடுதல் எடை பின் டயருக்கு உதவாமல் வீணாக முன்னால் உட்கார்ந்திருக்கும். முன்சக்கரங்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போகும் நிலைதான் சரியான சமநிலை. முன்னாலிருக்கும் கல்லை நான்கு அங்குலம் தள்ளி மாட்டுவதும், டயர் காற்றைச் சற்று இறக்கிப் பதியும் பரப்பைக் கூட்டுவதும் காசு கேட்காத வேலைகள். இதைச் செய்யாமல் 30 குதிரைத்திறன் கூட்டினால், அந்த முப்பதும் மண்ணைக் கிளறித்தான் தீரும்.

வேக வரம்பில்லாத பண்ணை வகுப்பில் நிலைமை வேறு. அங்கேதான் என்ஜினைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் உண்டு.

எல்லோரும் முதலில் நினைப்பது பம்பைத்தான். டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் தட்டு கிடையாது. எவ்வளவு டீசல் தெளிக்கிறோமோ அவ்வளவு திறன். அப்படியானால் டீசலைக் கூட்டினால் முடிந்தது, இல்லையா? ஓரளவுக்கு மட்டுமே. 414 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 6.8 லிட்டர். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால், அந்த நிமிடத்தில் 8,100 லிட்டருக்கு இடம் இருக்கிறது. ஃபில்டர், வால்வுத் தடைகள் போக 7,000 லிட்டர் உள்ளே போனால் எடையில் அது 8 கிலோ காற்று. ஒரு கிலோ டீசல் எரிய ஏட்டுப்படி 14.5 கிலோ காற்று போதும். ஆனால் சிலிண்டருக்குள் இரண்டும் கலக்கக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். அதனால் 20 கிலோவுக்குக் கீழே இறங்கியதும் கரும்புகை தொடங்கிவிடும். 91 குதிரைத்திறன் தரும் 966 ஏற்கெனவே ஏறத்தாழ 25 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ டீசல் என்ற அளவில் ஓடுகிறது என்பது என் கணக்கு. 20 வரை இறக்கினால் பிடிஓ-வில் 105, மிஞ்சினால் 110. அதற்கு மேல் ஊற்றும் டீசல் புகைக்குழாய் வழியாக வெளியே போகும்.

அந்தக் கறுப்புத் தூணைப் பார்த்துக் கூட்டம் ஆரவாரம் செய்யும். எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போது காற்றுக் கடன் அடைக்காதவரின் வீட்டு வாசலில் மாட்டிய நோட்டீஸ்தான் நினைவுக்கு வருகிறது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து புகையல்ல, சூடு. டீசல் கூடக் கூட வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். பிஸ்டன் அந்தச் சூட்டிலும் தாக்குப்பிடிப்பது அடியில் எண்ணெயும் பக்கத்தில் சிலிண்டர் சுவரும் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால்தான். போட்டியில் மொத்த இழுவையும் இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். பிஸ்டன் முழுவதும் சூடேறுவதற்குள் கொடி விழுந்துவிடும். ஆனால் அதே டிராக்டரைத் திங்கட்கிழமை கலப்பையில் பூட்டி ஒரு மணி நேரம் முழு விசையில் ஓட்டினால் அதே திருகு அளவு பிஸ்டன் தலையைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்த அளவைத் திங்கட்கிழமை மறந்துபோனவர்களின் என்ஜின்கள்தான் பழுதுபார்க்கும் கடைகளுக்கு நிரந்தரச் சோறு. பம்பைக் கூட்டுவதென்றால் முத்திரையை உடைத்துக் கொட்டகையில் திருகுவதைவிட, பம்பு பெஞ்சில் வைத்து ஆறு நாசில்களுக்கும் சமமாகப் போகிறதா என்று அளந்து கூட்டுவது நல்லது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதலாகப் போனால் முதலில் போவது அதுதான், மற்ற ஐந்தும் நன்றாகவே இருக்கும்.

டர்போவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது புதுமையல்ல. அமெரிக்கப் பண்ணை டிராக்டரில் ஆலையிலேயே டர்போ வந்தது 1961-இல், அல்லிஸ் சால்மர்ஸ் டி-19 டீசலில். அந்தக் காலத்திலிருந்தே டர்போ இல்லாத டிராக்டர்களுக்கு வெளியிலிருந்து டர்போ பொருத்துவது விவசாயிகளுக்குப் பழக்கம். இல்லினாயின் எம் அண்ட் டபிள்யூ நிறுவனம் அதற்கான தொகுப்புகளையும் பிடிஓ-வில் மாட்டித் திறன் அளக்கும் டைனோக்களையும் விற்றது. 966-க்கு உள்ள பெரிய வசதி, அண்ணன் 1066 இருப்பது. புகைச்சேகரக் குழாய், டர்போ, அதற்கு எண்ணெய் வரும் குழாய், எண்ணெய் திரும்பும் குழாய் எல்லாம் பழைய 1066-இலிருந்து கழற்றிக் கிடைக்கும்.

டர்போ செய்வது ஒரே வேலை: கடனை அடைக்கக் காற்று கொண்டுவருகிறது. 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடும். அழுத்தம் 70 சதவீதம் கூடியும் காற்று அவ்வளவு கூடாததற்குக் காரணம், அழுத்தும்போது காற்று 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகி விரிவதுதான். அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலை ஊற்றினால், பம்பு தருமானால், 140-ஐத் தாண்டி 150-ஐ நெருங்கலாம். அதுவும் வெறும் பம்புத் திருகலில் 110 எட்டியபோது இருந்ததைவிடக் குறைந்த புகையோடு. 1066-க்கு ஆலை வெறும் 105 என்று முத்திரை குத்தியது அந்த என்ஜின் முடியாமல் அல்ல. நாள் முழுக்க உழுதாலும் தாங்க வேண்டும் என்பதற்காக ஒதுக்கி வைத்த மிச்சம் அது. போட்டிக்காரர் அந்த மிச்சத்தைத்தான் செலவழிக்கிறார்.

செலவழிப்பவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? டர்போ என்ஜினுக்கு ஆலை கொடுத்த பிஸ்டனும் கேஸ்கெட்டும் உங்களிடம் இருப்பவையும் ஒன்றுதானா என்று பாக எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சும் துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். ஐம்பது வயதான ஹெட் போல்ட்டுகளை நம்பக் கூடாது. டர்போவின் அளவு இன்னொரு தலைவலி. பெரிய டர்போ உச்சத்தில் நிறையக் காற்றுத் தரும், ஆனால் சுழன்று வேகமெடுக்க நேரம் கேட்கும். ஸ்லெட் இலகுவாக இருக்கும் முதல் 50 அடியில் வேகம் பிடிக்கத் தவறினால் கடைசி 50 அடியில் அதை ஈடுகட்ட முடியாது. பல வகுப்புகளில் டர்போவின் வாய் எத்தனை அங்குலம் என்பதையே விதி கட்டுப்படுத்துகிறது. சிலவற்றில் ஆலையிலேயே டர்போ வராத டிராக்டருக்கு அதை வைக்கவே கூடாது. பொருத்திய பிறகு விதியைப் படித்து வருந்துபவர்களும் உண்டு.

20 பிஎஸ்ஐ வரை போக விரும்புகிறவருக்குக் குளிர்விப்பு தேவைப்படும். அந்த அழுத்தத்தில் காற்று 140 டிகிரியைத் தாண்டும்; காற்றின் எடை 1.7 மடங்கில் நின்றுவிடும். இடையில் குளிர்விப்பான் வைத்து 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 2 மடங்குக்கு மேல் போகும். மேல்வகுப்புகளில் பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பிய பெட்டிகளைப் பார்க்கலாம். இருபது விநாடிக்குப் பனிக்கட்டி தாராளம். உள்ளே தண்ணீரையே தெளிப்பதும் உண்டு. அது சூட்டை நன்றாக இறக்கும். ஆனால் என்ஜின் நின்ற பிறகும் தண்ணீர் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் சிலிண்டரில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் அமுங்காது, அடுத்த முறை கிளப்பும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பண்ணை வகுப்புகளில் இரண்டுக்கும் பெரும்பாலும் தடை என்பதால் இதில் அதிகம் மயங்க வேண்டியதில்லை. காஸ் செலுத்துவது போன்ற குறுக்கு வழிகளை நான் ஒப்பிடவே போவதில்லை. புரோபேன் எப்போது பற்றும் என்பதை நாசில் தீர்மானிப்பதில்லை, அவ்வளவுதான்.

சுற்றைக் கூட்டுவது கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியானது. சுற்றுக்கு வரம்பு வைக்கும் கவர்னரை 2,400-இலிருந்து 3,000-க்கு ஏற்றினால், முறுக்குவிசை குறையாமல் இருந்தால், திறன் 25 சதவீதம் கூடும்; அதே கியரில் வேகமும் 25 சதவீதம் கூடும். பாகம் எதுவும் வாங்கத் தேவையில்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிஸ்டனும் ராடும் திசை மாறும்போது உண்டாகும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: 25 சதவீதம் கூடுதல் சுற்றுக்கு 56 சதவீதம் கூடுதல் இழுபறி. அதைத் தாங்குவது ராடின் இரண்டு போல்ட்டுகள். வால்வு ஸ்பிரிங்குகள் அந்த வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாமல் போகலாம். தெளிப்பு நேரத்தை முன்தள்ளாவிட்டால் டீசல் தாமதமாக எரிந்து, திறனாக வர வேண்டியது புகைக்குழாய்ச் சூடாக வரும்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. கிளட்சின் வார்ப்பிரும்பு பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஆலை நிர்ணயித்த சுற்றுக்காகச் செய்யப்பட்டவை. அவை வெடித்தால் கைக்குண்டுச் சில்லுகள் மாதிரி தெறிக்கும். மேல்வகுப்புகளில் எஃகு கிளட்சும் அதைச் சுற்றிக் கவசமும் கட்டாயமாக இருப்பது இதனால்தான். டர்போ கெட்டுப்போனால் நஷ்டம் பணத்தோடு முடியும், பிளேட் வெடித்தால் அப்படி முடிவதில்லை. வழிகளிலேயே செலவு குறைந்தது இது என்பதாலேயே இதை நான் கடைசியில் வைக்கிறேன்.

மிச்சமிருப்பது கொள்ளளவு. 414, 436, 466 மூன்றும் ஒரே குடும்பம், மூன்றிலும் சிலிண்டர் விட்டம் 4.30 அங்குலம்தான். பிஸ்டன் நடக்கும் தூரம் மட்டும் 4.75, 5.00, 5.35 என்று நீள்கிறது. லாரிகளிலும் பேர் போன 466-இன் கிராங்கையும் (பிஸ்டனின் நடையைத் தீர்மானிக்கும் தண்டு) துணைப் பாகங்களையும் வாங்கி 966-இல் ஏற்றுவது போட்டிக்காரர்களிடையே பழகிய பாதை. கிடைப்பது 12.6 சதவீதம் கூடுதல் கொள்ளளவு. டர்போ இன்னும் சுழலத் தொடங்காத தாழ்ந்த சுற்றிலேயே அந்த முறுக்குவிசை வந்துவிடுவதுதான் இதன் அழகு. ஆனால் என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டும். பழுதுபார்க்க எப்படியும் பிரிக்கப்போகிறவருக்கு இது நல்ல பேரம். நன்றாக ஓடும் என்ஜினை இதற்காகவே பிரிப்பது அப்படியல்ல. வகுப்பில் கன அங்குல வரம்பு இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் 140-ஐத் தாண்டினாலும் இந்த டிராக்டருக்கே உரிய ஒரு நோஞ்சான் பாகம் நடுவில் நிற்கிறது: டார்க் ஆம்ப்ளிஃபையர். ஓடிக்கொண்டிருக்கும்போதே நெம்புகோலை இழுத்து வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் இந்த வசதியை இன்டர்நேஷனல் 1950-களிலிருந்தே கொடுத்து வந்தது. உழவில் அருமையான சாதனம், போட்டியில் உடையும் சாதனம். இழுவைக்காரர்கள் அதை அகற்றிவிட்டு நேர்த்தண்டு போடுகிறார்கள். போட்டவுடன் வயலில் அந்த வசதி போய்விடும். என்ஜினுக்குப் போட்ட பட்ஜெட்டில் இதைச் சேர்க்காதவர் முதல் பருவத்திலேயே சேர்த்துக்கொள்வார்.

என் முடிவு இது. வேக வரம்புள்ள வகுப்பில் இறங்குகிறவர் என்ஜினைத் தொட வேண்டாம். கல்லும் டயரும் போதும். வரம்பில்லாத பண்ணை வகுப்பில் இறங்கி, அதே டிராக்டரை வயலிலும் ஓட்டுகிறவர் 1066-இன் டர்போவை வைத்து, டீசலை 125, 130 அளவுக்கு மட்டும் கூட்டி, சுற்றை ஆலை வைத்த இடத்திலேயே விட்டுவிடலாம். வெறும் பம்புத் திருகலை விட இதற்குச் செலவு பல மடங்கு, ஆனால் பிஸ்டன் ஒருமுறை உருகினால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உழவிலிருந்து ஓய்வு பெற்றுப் போட்டிக்கென்றே நிற்கும் டிராக்டராக இருந்தால் 466-ஐ நோக்கிப் போகலாம். அப்போது எஃகு கிளட்சும் நேர்த்தண்டும் பின்னால் சாயாமல் தடுக்கும் கம்பிகளும் என்ஜின் செலவோடு சேர்ந்தே வரட்டும். 91 குதிரைத்திறனிலிருந்து 300-க்குப் போக நினைப்பவர், 1466 ஒன்று விலைக்கு வருகிறதா என்று முதலில் விசாரிக்கட்டும்.

எந்த வழியாக இருந்தாலும் வாங்கும் வரிசை ஒன்றுதான். முதலில் கம்ப்ரஷன் பார்த்து, ரேடியேட்டரைக் கழுவி, டைனோவில் மாட்டி இப்போதைய திறனை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 91 என்று புத்தகம் சொன்ன டிராக்டர் ஐம்பது ஆண்டு கழித்து 78 காட்டினால், இழந்த 13-ஐ மீட்பதுதான் முதல் வேலை. அடுத்து வாங்க வேண்டியது புகைக்குழாய்ச் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர். மூன்றாவது, காற்றுக் குழாயை ஒரே இழுப்பில் அடைக்கும் தட்டு. டீசல் என்ஜின் கட்டுமீறி ஓடத் தொடங்கினால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. ஸ்லெட்டிலிருந்து வரும் கயிறு அந்தத் தட்டை இழுத்தால்தான் நிற்கும். டர்போவுக்கு நான்காவது இடம்.